கணக்கு நோட்டு அட்டைக்குள்

பரளச்சி
3.11.2024

அன்புள்ள ஈவா,

எல்லாரும் சாப்பிட்டு எழுந்தாயிற்று. பாத்திரம் விளக்குவதற்கு முன் கொஞ்சம் நேரம் இருக்கிறது, எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் மகள் ஜெகதீஸ்வரியின் கணக்கு நோட்டு அட்டைக்குள் உன்னிடம் வரும். பிரவுன் பேப்பர் மடிப்பைப் பிரித்துப் பார். பதிலையும் அங்கேயே வைத்துக் கொடுத்துவிடு. எங்கள் வீட்டில் கணக்கு நோட்டைத் திறக்கிற ஆள் நான் ஒருத்திதான். ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் படுத்துத் தூங்கிய நாம் இப்படியெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று சிரிப்பு வருகிறது. ஆனால் உங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை காலியாக இருக்கிறது என்று நீ போனில் சொன்னாயே, அன்றிலிருந்து என் போன் நடுவீட்டில் டிவி பக்கத்தில்தான் இருக்கிறது. இவர் திட்டவில்லை. “ஸ்பீக்கர்ல போட்டுப் பேசு, நாங்களும் கேட்டுக்கிறோம்ல” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஸ்பீக்கரில் உன்னிடம் என்ன பேசுவது? மழை பெய்ததா, பருத்தி என்ன விலை, அவ்வளவுதான்.

நீ அனுப்பிவைத்த ஜெர்மன் பிள்ளை லேனா நேற்று கிளம்பிப் போனாள். பத்து நாள் ஜெகதியோடு ஒரே பாயில் படுத்தாள். குதிரைவாலிச் சோற்றுக்கு இரண்டாம் முறை தட்டை நீட்டினாள். இவர் அவளுக்காகவே அருப்புக்கோட்டை போய் மின்விசிறி வாங்கிவந்து மாட்டினார். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

போவதற்கு முந்தின நாள் அடுப்படிக்கு வந்து நின்று ஒன்று கேட்டாள். “ஜெகதிக்கு மேசை இருக்கிறது. அப்பாவுக்கு அந்த நாற்காலி. இந்த வீட்டில் உங்கள் இடம் எது?” நான் இருபது வருடத்துக்குப் பிறகு ஆங்கிலத்தில் வாய் திறந்தேன். வீடு முழுக்க என்னுடையதுதான் என்றேன். இலக்கணம் சரியாகத்தான் வந்தது. அவள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பாத்திரம் கிடக்கிறது.

செல்வி

*

அருப்புக்கோட்டை
6.11.2024

என் செல்விக்கு,

நீ எழுதிய கடிதம் என்று பார்த்ததும் ஓய்வறையில் எல்லாரும் இருக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். இந்த ஊரில் அந்தப் பொய் மட்டும் எப்போதும் செல்லும்.

விஷயத்துக்கு வருகிறேன். லேனா படிக்கிற பள்ளியும் எங்கள் தெக்லா பள்ளியும் ஒரே சபை சிஸ்டர்கள் நடத்துவது, உனக்குத் தெரியும். அங்கேயிருந்து பிள்ளைகள் வந்து போவதோடு சரி என்றிருந்தோம். வருகிற ஆகஸ்டிலிருந்து நம் பிள்ளைகள் இரண்டு பேரைப் பத்து மாதம் அங்கே வைத்துப் படிக்கவைக்கிறார்கள். பயணம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. லேனாவின் அம்மா ஜெகதி தங்கள் வீட்டுக்கு வந்தால் சந்தோஷம் என்று இப்போதே எழுதிவிட்டார். தலைமையாசிரியை சிஸ்டர் ஞானப்பூவுக்கும் அவளைப் பிடிக்கும். பத்தாம் வகுப்பில் எதிர்த்துக் கேள்வி கேட்கிற ஒரே பிள்ளை அவள்தான், இரண்டு முறை என்னிடமே கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

மாரிக்கண்ணன் அண்ணன் கையெழுத்து வேண்டும், உன் கையெழுத்தும். அண்ணனிடம் நான் கேட்டால் வேலைக்குக் கூப்பிட்ட டீச்சர் என்ற ஞாபகம்தான் வரும். நீ பக்குவமாகக் கேள்.

லேனாவிடம் நீ சொன்ன பதிலைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விடுகிறேன். எழுதினால் சண்டை வரும்.

உன்
ஈவா

*

பரளச்சி
20.1.2025

அன்புள்ள ஈவா,

கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு தாளும் இதோடு வருகின்றன, மடிப்பு விழுந்திருந்தால் சிஸ்டரிடம் நீயே சமாதானம் சொல்.

நான் பயந்த மாதிரி இல்லை. லேனா வந்துபோனதிலிருந்து டீக்கடையில் இவருக்கு மரியாதை கூடியிருக்கிறது. “ஏலே மாரிக்கண்ணா, வெள்ளக்காரப் புள்ள ஒன் வீட்டுக் கஞ்சிய எப்பிடிலே குடிச்சுச்சு?” என்று கேட்பார்களாம். இவர் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கதை சொல்வார். பொங்கல் கழிந்து மறுநாள் மல்லிக் காட்டுக்குக் கிளம்பும்போது நான் தாளை நீட்டினேன். வாசலில் வண்டி மேல் உட்கார்ந்தே எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“பத்து மாசமா?”

“ஆமாங்க.”

“ஒரு வருசப் படிப்பு வீணாப் போகுமே.”

“திரும்பி வந்து பதினொண்ணுல சேந்துக்கிரலாம்னு சொல்றாக.”

தாளை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “அம்புட்டுத் தூரம் போகுதே, ஒனக்குப் பயமா இல்லையா?”

இல்லை என்றேன். உடனே போட்டுவிட்டார். “எம் மக செருமனி போகுதுன்னு நாலு பேரு சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

ஈவா, அவர் கெட்டவர் இல்லை. இதை நீ நம்ப வேண்டும். அவருக்குத் தன் கைக்குள் இருப்பது வெளியே போவது பிடிக்காது, அவ்வளவுதான். தானே தூக்கிக் கொடுத்தால் மட்டும் பிடிக்கும்.

நீ கடைசியாக எழுதியதை நாலு முறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடுவில் தூங்கி விழுந்ததை எழுதியிருந்தாயே, அதை நினைத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தனியாகச் சிரித்தேன். உன் பதில் வருகிற புதன்கிழமைகளில் ஜெகதி பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பையைப் பார்க்கிறேன். இது சரியில்லைதான்.

செல்வி

*

அருப்புக்கோட்டை
11.7.2025

செல்வி,

விசா வந்துவிட்டது! சிஸ்டர் ஞானப்பூ மணி அடித்து இனிப்புக் கொடுத்தார். ஜெகதியும் பந்தல்குடி தங்கலட்சுமியும் ஆகஸ்ட் 9, சனிக்கிழமை கிளம்புகிறார்கள். மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து இரண்டு விமானம். சபை சிஸ்டர் ஒருவர் கூடப் போகிறார். தேதியை இனி மாற்ற முடியாது. அங்கே பள்ளி திறக்கிறது.

பிள்ளையிடம் நான் இன்னும் தேதியைச் சொல்லவில்லை. பெற்றவர்கள் வாயால் கேட்கட்டும். நீ அண்ணனிடம் உடனே சொல்லிவிடு. ஆடி மாதம், உங்கள் ஊர்ச் சாமி காரியம் எனக்குத் தெரியும். கூட்டம் போட்டுக் காப்புத் தேதி முடிவாவதற்கு முன் அவர் காதில் போட்டு வை.

லேனா வீட்டிலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். இதோடு வைத்திருக்கிறேன். ஜெகதிக்காக மாடியில் ஒரு அறை. கதவில் அவள் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார்கள் போல, ‘ஜெ’ கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உன்
ஈவா

*

பரளச்சி
21.7.2025

ஈவா,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று ஊர்க்கூட்டம் நடந்தது. ஆகஸ்ட் 5 செவ்வாய் காப்புக் கட்டு, 12 செவ்வாய் பொங்கல் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஜெகதி கிளம்ப வேண்டிய சனிக்கிழமை நட்ட நடுவில் விழுகிறது.

உனக்கு எங்கள் வழக்கம் தெரியும். சாயங்காலம் கொட்டு அடித்துக் கோயிலில் காப்புக் கட்டும்போது ஊர் எல்லைக்குள் இருப்பவர்கள் யாரும் பொங்கல் முடிகிறவரை வெளியூரில் ராத் தங்கக் கூடாது. பகலில் போகலாம், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைக்கூட எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்து வந்திருக்கிறார்கள். இந்த வருடம் காப்புக் கட்டிக்கொள்வது இவருடைய அண்ணன் பொன்னுச்சாமி. அதனால் இவருக்கு இரட்டைக் கட்டுப்பாடு. ஜெகதி முளைப்பாரி எடுக்க வேண்டும் என்றும் பேசிவிட்டார்கள்.

இன்று காலையில் தேதியைச் சொன்னேன். இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“காப்புக் கட்டிட்டா பச்சப்பிள்ளையக்கூட வெளிய விடமாட்டோம். எம் மகளுக்கு மட்டும் தனிச் சட்டமா? எங்கண்ணன் கையில காப்பு இருக்கயில நானே எல்லையத் தாண்டி அனுப்புனா ஊருல தல காட்ட முடியுமா?”

கதவில் தன் பெயர் ஒட்டியிருக்கும் படத்தை ஜெகதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். அதன் மேல் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டாள்.

நம் கையில் என்ன இருக்கிறது? ஊர் முடிவு செய்துவிட்டது.

செல்வி

*

அருப்புக்கோட்டை
23.7.2025

செல்வி,

ஊர் முடிவு செய்துவிட்டதா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் கத்திவிட்டு வந்தேன்.

பரளச்சியைப் பற்றி எனக்கே தெரிந்தது உனக்குத் தெரியாதா? சென்னையில் வேலைபார்க்கிற உங்கள் ஊர்ப் பையன்கள் என்ன செய்கிறார்கள்? காப்புக் கட்டுவதற்கு முன்னால் எல்லையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கொட்டு அடிக்கும்போது ஊரில் இல்லாதவரைக் காப்புக் கட்டுப்படுத்தாது, நீயே விடுதியில் சொல்லியிருக்கிறாய். ஆடிக்கு ஊருக்குப் போகாமல் இருக்க அதைத்தானே காரணமாகச் சொல்வாய்!

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் ஜெகதியை என் வீட்டுக்கு அனுப்பு. நாலு நாள் என்னோடு இருக்கட்டும். சனிக்கிழமை நானே மதுரைக்குக் கூட்டிப்போய் ஏற்றிவிடுகிறேன். இதை அண்ணனிடம் சொன்னாயா? என்ன சொன்னார்?

இன்னொன்றும் கேட்கிறேன். 11ஆம் தேதியே உனக்கு எழுதினேன். கூட்டம் 20ஆம் தேதி. நடுவில் ஒன்பது நாள். அண்ணனுக்குத் தேதி தெரியாமல் எப்படிப் போயிற்று?

ஈவா

*

பரளச்சி
27.7.2025

ஈவா,

நீ கேட்காமல் இருப்பாய் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவராகவேதான் கேட்டார். “பிள்ளைக்கு பிளைட்டு என்னைக்குனு டீச்சரம்மா சொல்லிருச்சா? தெரிஞ்சா காப்ப ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லிருவேன். அண்ணன்தான, கேக்கும்.”

நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் எனக்குப் பின்னால் உளுந்து டப்பாவுக்குள் இருந்தது.

“இன்னும் சொல்லலங்க” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. ஆனால் அவர் செருப்பு மாட்டி, வண்டியை எடுத்து, தெருமுனை திரும்புகிறவரை நேரம் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். தோசையைத் திருப்பிப் போட்டேன்.

ஏன் என்று நீ கேட்பாய். நானும் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் போய்விட்டால் இந்த நோட்டும் போய்விடும். தபாலில் நீ எழுதினால் டீக்கடையில் கொடுப்பார்கள், அங்கே பத்துப் பேர் கையைத் தாண்டி இவரிடம் வரும். பத்து மாதம் நான் யாரிடம் பேசுவது? எங்கள் வீட்டில் என்னிடம் எல்லாரும் பேசுகிறார்கள். உப்புக் குறைவு என்று, துண்டு எங்கே என்று. நான் பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

அது மட்டும்தான் காரணம் என்றால் நான் கொஞ்சம் நல்லவளாக இருந்திருப்பேன். அந்தப் படத்தைப் பார்த்தேன் இல்லையா, கதவில் பெயர் எழுதி ஒட்டியது. முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு மாட்டுக்குத் தவிடு கரைக்கும்போது அந்தக் கதவே கண்ணுக்குள் நின்றது. பதினைந்து வயதில் அவளுக்கு ஒரு கதவு. நான் கணக்கில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவள். என் மகள்மேல் எனக்குப் பொறாமை வந்தது, ஈவா. பெற்றவள் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

காப்புக்கு முன்னால் அனுப்பிவிடலாம் என்பதும் எனக்குத் தோன்றாமல் இல்லை. அவரிடம் சொல்லவில்லை.

திட்டு. ஆனால் எழுது.

செல்வி

*

அருப்புக்கோட்டை
30.7.2025

செல்விக்கு,

திட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை உன் கடிதத்தைப் படித்தவுடன் ஒன்று எழுதினேன், கிழித்துப் போட்டுவிட்டேன். கோயிலில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தும் கோபம் இறங்கவில்லை. இன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இடைவேளையில் ஜெகதி வந்தாள்.

“மிஸ், நான் போகல. எனக்குப் பதிலா வேற யாரையாச்சும் அனுப்புங்க.”

“ஏன்டி? அப்பா ஒத்துக்கலையா?”

“அதில்ல மிஸ். அம்மா தனியா இருக்கும்.”

“நீ அந்தக் கடுதாசியப் படிச்சியா?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. “மொதல்லருந்தே படிக்கிறேன் மிஸ். நாந்தான அட்டை போடுறேன். ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியும்னு நெனச்சேன்” என்றாள்.

செல்வி, ஒன்பது மாதமாக நாம் அந்தப் பிள்ளையின் முதுகில் நம் இரண்டு பேரையும் ஏற்றி அனுப்பியிருக்கிறோம். நீ மட்டுமில்லை. வகுப்பில் காகிதம் கைமாற்றுகிற பிள்ளைகளை முட்டி போடவைக்கிற டீச்சர் நான்.

நான் அவளுக்குச் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சிஸ்டர் ஞானப்பூவிடம் ஜெகதிக்கு உடம்பு சரியில்லை, செவ்வாய் வரை பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அவள் என் வீட்டுக்கு வராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போகும். ரெட்டியபட்டிக்காரப் பிள்ளைதான், அவளுக்கும் சேர்த்தே விசா எடுத்து வைத்திருக்கிறார்கள், நல்ல பிள்ளை. ஆனால் அந்தக் கதவில் ஒட்டியிருப்பது அவள் பெயர் இல்லை.

இதையும் ஜெகதிதான் கொண்டுவருகிறாள். படிப்பாள். படிக்கட்டும்.

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் நான்
உன் ஈவாதான்.

*

பரளச்சி
5.8.2025, செவ்வாய்

அன்புள்ள ஈவா,

மணி பதினொன்று ஆகிறது. ஜெகதி பெட்டி அடுக்குகிறாள். சுக்குமல்லிப் பொடி வேண்டாம் என்கிறாள், நான் வைக்கிறேன், அவள் எடுக்கிறாள், மறுபடியும் வைக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே அவளிடம் பேசியிருக்க வேண்டும். முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவளே அப்பாவிடம் போய், “நான் போகலப்பா, முளைப்பாரி எடுக்கிறேன்” என்றாள். இவர் அவள் தலையைத் தடவி, “எம் மகன்னா எம் மகதான்” என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். இத்தனை நாள் என் பொய்யை என் மகள் சுமந்தாள். அன்றைக்கு எனக்காகத் தானே ஒரு பொய் சொன்னாள். அவளுக்கும் அது என்னைப் போலவே சுளுவாக வந்தது.

இன்று காலை இவர் விரதத்தோடு குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னேன்.

“பிளைட்டுத் தேதி எனக்கு அப்பவே தெரியும்.”

“எப்ப?”

“கூட்டத்துக்கு முன்னயே.”

ஈரத் துண்டு தோளில் கிடக்க என்னைப் பார்த்தார். “நாங் கேட்டேன்ல?”

“கேட்டீக.”

“சொல்லியிருந்தா ஒரு வாரம் தள்ளி வச்சிருப்பம்ல?”

“ஆமா.”

“பெறகு ஏன் சொல்லல?”

“அது போயிட்டா எனக்குப் பேச ஆளு இல்லங்க.”

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவர், நாற்காலி, டிவி, அதன் பக்கத்தில் என் போன். இத்தனை பேர் வந்துபோகும் வீட்டில் இவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. நோட்டைப் பற்றியும் சொல்லிவிட்டேன். உளுந்து டப்பாவை எடுத்து வந்து உன் கடிதங்களை முன்னால் வைத்தேன். ஒன்றைக்கூட எடுத்துப் படிக்கவில்லை. அது மரியாதையா வெறுப்பா என்று எனக்குத் தெரியாது.

துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார். “எம் பிள்ளைய வச்சு என்னைய ஏமாத்திருக்கீக, ரெண்டு பேரும்.” பிறகு, “பிள்ள போகட்டும். மூணு மணி பஸ்ஸுல ஏத்தி விட்டுரு. கொட்டுச் சத்தம் அது காதுல விழுகக் கூடாது. அண்ணன்ட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா இதோட அந்த டீச்சரம்மா சங்காத்தம் முடிஞ்சுச்சு. பேச்சும் வேணாம், எழுத்தும் வேணாம்” என்றார்.

சரி என்றேன்.

இப்போது பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று சுற்று, அதற்கு மேல் முடிச்சு. சக்கரம் வைத்த பெட்டிக்குக் கயிறு எதற்கப்பா என்று ஜெகதி கேட்கிறாள். “வழியில தொறந்துக்கிட்டா?” என்கிறார். ஜெர்மனியில் அதை யார் அவிழ்க்கப்போகிறார்களோ.

அவளிடம் ஒன்று மட்டும் சொன்னேன். “அம்மா தனியா இருப்பான்னு நெனைச்சுக்கிட்டே அங்க உக்காந்திருக்காத. நான் உனக்கு முன்னயும் இருந்தவ.” அவள், “தெரியும்மா” என்றாள். “காலேஜ்ல நீ எப்பிடி இருந்தன்னு மிஸ் எழுதுனதெல்லாம் படிச்சேன்ல” என்றாள். அந்தக் கடிதங்களில் இருக்கிற செல்வியை அவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அது போதும் போல இருக்கிறது.

அடுத்த ஜூனில் அவள் திரும்பி வந்த பிறகும் அவள் பையில் நீ எதையும் வைக்காதே. நானும் வைக்கமாட்டேன். அது அவள் பை.

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் எங்கள் தெருமுனையில் நாலு வருடமாக ஒரு நாளைக்கு ஆறு தடவை நின்று போகிறது. நான் ஒரு தடவையும் ஏறியதில்லை. எங்கே போக? இன்று மூன்று மணிக்கு அவளோடு ஏறப்போகிறேன். ரெட்டியபட்டி வரைக்கும்தான். அங்கே இறங்கி எதிர்ப்பக்கம் நின்று ஊருக்கு வருகிற பஸ்ஸைப் பிடிப்பேன். ஐந்து மணிக்குள் வந்துவிடலாம், மாவிளக்குக்கு மாவு இடிக்க வேண்டும்.

கொட்டு அடிக்கும்போது எல்லைக்கு வெளியே நிற்பவளைக் காப்புக் கட்டுப்படுத்தாது என்று ஜெகதிக்காக எழுதினாயே. அது யாருக்கும் பொருந்தும் என்று பெட்டி அடுக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது. பயப்படாதே, திரும்பிவிடுவேன். ரெட்டியபட்டியில் அந்தப் பஸ் வருகிறவரை ஒரு இருபது நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். அவ்வளவு நேரம் ஒரு ரோட்டோரத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் நான் நின்று எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மிளகு ரசம் வைத்துக் கொடுக்கச் சொல்லி லேனாவின் அம்மாவுக்கு எழுது. உன் தூசிக் கண்ணைத் துடைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை ஒட்டவில்லை, அட்டைக்குள் வைக்கவும் இல்லை. அவள் கையிலேயே கொடுக்கிறேன். பதில் வேண்டாம்.

செல்வலட்சுமி